செவலையும் ஆறு தந்தியும்

போன வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பசுவைக் கொடுத்து ஒரு பழைய கரண்ட் கிட்டார் வாங்கினேன்.

ஆமாம், செவலையைத்தான். ஒரு நாளைக்கு ஒன்பது போத்தல் பால் கறக்கிற அதே செவலை. அவளைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் இதற்கு முன் ஆறு தடவை எழுதியிருக்கிறேன். இது ஏழு. இனிமேல் எழுத அவள் என்னிடம் இல்லை.

பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்கத் தோன்றுகிறதா? கேளுங்கள். கொட்டகலை பஜாரில் இதுவரை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு பேர் என் முகத்துக்கு நேராக, மூன்று பேர் என் முதுகுக்கு.

எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கு இரண்டு, அரிக்கேன் ஒன்று. கரண்ட் இல்லாத வீட்டுக்குக் கரண்ட் கிட்டார் எதற்கு?

பாலனுக்காக.

பாலன் என் மகன். வயது இருபத்தாறு. எஸ்.எஸ்.சி. பாஸ் செய்துவிட்டுப் புடவைக்கடையில் சீத்தைத் துணி அளந்து கிழித்துக்கொண்டிருக்கிறான். ஆசிரியர் வேலை, தபால் கந்தோர், ரயில்வே, ஆஸ்பத்திரி என்று பதினாலு இடத்துக்கு எழுதிப் போட்டான். பதினாலு பதிலும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. வார்த்தைகள் முன்னே பின்னே இருக்கும், கேள்வி ஒன்றுதான். பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே?

நான் பிறந்ததும் இந்த மலையில்தான், அவன் பிறந்ததும் இந்த மலையில்தான். காட்டுவதற்குத்தான் காகிதம் இல்லை. தோட்டத்து ஸ்டோரில் முப்பத்துமூன்று வருடம் கிளாக்கராகத் தேயிலைப் பெட்டி எண்ணினேன். ஒரு பெட்டி கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. என்னை எண்ணத்தான் ஆளில்லாமல் போயிற்று... சரி, அது பெரிய இடத்து விஷயம். கிட்டாருக்கு வருகிறேன்.

பாலன் நன்றாக வாசிப்பான். இரவல் வாங்கிய சாதாரணக் கிட்டாரில் பழகியவன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சீசனுக்கு முன்னால் பேண்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, இவன் எழுதிப் போட்டான். பேண்ட் மாஸ்டர் பதில் எழுதினார். 'சனிக்கிழமை மூன்று மணிக்கு வா. வாசித்துக் காட்டு. கரண்ட் கிட்டார் உன்னுடையதாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி எங்களிடம் இருக்கிறது.'

அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன். கீழிருந்து மேலே ஒரு தடவை. பத்திரம் என்ற சொல்லே அதில் இல்லை!

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் தூக்கம் போயிற்று என்று?

கிட்டார் இருந்த இடம் றொசல்லப் பக்கம் ஒரு தோட்டம். மாரிமுத்து என்பவர் அங்கே பங்களாக் குசினியில் சமையல் செய்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சின்னதுரை சீமைக்குத் திரும்பும்போது, கிட்டாரை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். அன்றிலிருந்து அது தோட்டத்து லயத்தில் அவர் குடியிருக்கிற காம்பராச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பாலன் தேடிப் போய்க் கேட்டபோது மாரிமுத்து சொன்ன பதில் இது:

"காசு வேணாம் தம்பி. எம் மக ரெட்டப் புள்ள பெத்து வந்திருக்கா. பால் மாடு ஒண்ணு குடுங்க, எடுத்துக்கிட்டுப் போங்க."

பத்து நாளைக்கு முன் இருவருமாக அதை ஹட்டனில் ஒரு ரேடியோக் கடைக்குத் தூக்கிப்போய், கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். கடைத்தெருவே திரும்பிப் பார்த்ததாம். ஆகவே கிட்டார் உயிரோடுதான் இருந்தது. மிச்சம் இருந்தது செவலை.

என் மனைவி மீனாட்சி அன்றைக்குச் செவலைக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டினாள். கடைசியில், "பாலனுக்குன்னா குடுங்க" என்றாள். "ஆனா கயிறக் குடுத்துட்டு வந்துராதீங்க."

மாடு வளர்க்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாடு கைமாறினால் கழுத்துக் கயிறு மாட்டோடு போகாது. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொள்ள வேண்டும். பழைய கயிறு கொட்டிலிலேயே இருக்க வேண்டும். அது போனால் கொட்டிலின் அதிர்ஷ்டமும் போய்விடும், அப்புறம் அந்த இடத்தில் மாடு தங்காது என்று ஒரு பயம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் படித்தவன். ஆனாலும் எதற்கு வம்பு?

வெள்ளிக்கிழமை விடியும்போதே செவலையையும் அவள் கன்றையும் ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். கொட்டகலையிலிருந்து ஹட்டன் வழியாக றொசல்ல வரை மைல்கல் எட்டு. வழியில் செவலை நின்று என்னைத் திரும்பிப் பார்த்த இடங்கள் பதினேழு. பதினேழு தடவையும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

லயத்து வாசலில் பாய் விரித்துக் கிட்டாரை வைத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். எண்ணினேன்.

தந்தி ஆறு. முறுக்குகிற காது ஆறு. கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி இருபது. முதல் ஐந்து கம்பிகளுக்கு நடுவே விரல் பட்டுப் பட்டு மரமே குழிந்திருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் இரண்டு. வார்னிஷ் உரிந்த இடம் ஏழு. கீறல் முப்பத்தொன்று. வலது கை உரசுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் தெரிந்தது. பக்கவாட்டில் மரை வெட்டின பித்தளை வாய் ஒன்று. அது எதற்கு? கேட்கவில்லை. எண்ணிக்கொண்டேன், அவ்வளவுதான்.

"ரொம்ப அடிபட்ட சாமானா இருக்கே மாரிமுத்து?"

"அடி இல்லீங்க ஐயா, கை பட்டது. தொரை ஞாயித்துக்கெழம காலையில எடுத்தாருன்னா சாப்பாட்டுக்குத்தான் கீழ வைப்பாரு. நான் கோழிய வறுத்துக்கிட்டே கேப்பேன். சில நாளு கோழி கருகிரும்."

மாரிமுத்துவின் மனைவி ராக்கம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. செவலையைச் சுற்றி மூன்று தடவை வந்தார். பல்லைப் பார்த்தார். மடியைத் தடவினார்.

"ஒம்போது போத்தலு மெய்தானா கிளாக்கரய்யா?"

"ஒம்போதுதாம்மா. ஒரு நாளும் எட்டே முக்கா ஆனதில்ல."

"பாப்போம்."

அவர் புதுக் கயிற்றோடு தயாராகத்தான் இருந்தார். வழக்கம் தெரிந்தவர். செவலையின் கழுத்தில் அதைக் கட்டினார். நான் பழைய கயிற்றை அவிழ்த்துச் சுற்றி என் பைக்குள் வைத்தேன்.

ராக்கம்மா அதைப் பார்த்தார். பிறகு பாயில் கிடந்த கிட்டாரைப் பார்த்தார். அதன் கழுத்தில் கறுப்பாக ஒரு வயர் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. ஒன்பது வருடமும் அந்த வயரில்தான் அது சுவரில் தொங்கியதாம். மெதுவாக அதை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"உங்க கயிறு உங்களுக்குன்னா, எங்க கயிறு எங்களுக்கு."

"ஐயா, அந்த வயரு வந்து..." என்று மாரிமுத்து ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. பங்களாவுல அவிச்சுப் போட்ட ஆளுக்கு மாட்டு வழக்கம் என்னா தெரியும்?"

"இல்ல புள்ள, கிளாக்கரய்யா, அந்த வயரு இல்லாட்டி..."

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசகர்களே, சொல்லவே கூசுகிறது. கையை உயர்த்தி மாரிமுத்துவின் வாயை அடைத்தேன்.

"வழக்கம்னா வழக்கம்தான் மாரிமுத்து. அம்மா சொல்றது ரொம்ப நியாயம். எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?"

ராக்கம்மா முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரயில் ஏறினேன்.

எண்ணுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணி முடித்ததும், எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆறு மணிக்குப் பாலன் கடையிலிருந்து வந்தான். கிட்டாரை மடியில் வைத்துத் தடவினான். காதுகளைத் திருகினான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு கை கிட்டாரின் பக்கவாட்டுக்குப் போயிற்று. பையைப் பார்த்தான். பையைக் கவிழ்த்தான்.

"அப்பா, வயர் எங்க?"

"அது அவங்க கயிறு. குடுக்க மாட்டாங்க. வழக்கம்."

"கயிறா?" அவன் குரல் ஒரு மாதிரி ஆனது. "அப்பா, இந்த வாய்ல அந்த வயரைத் திருகித்தான் ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொண்டுபோகணும். அது இல்லாட்டி இது வெறும் பலகை."

"நுவரெலியாக்காரங்ககிட்ட வேற வயர் இருக்காதா?"

"இப்ப வர்ற கிட்டாருக்கெல்லாம் செருகுற வயர். இது பழசு, மரை வாய். இதுக்குப் பொருந்துற வயர் இந்த ஒண்ணுதான், கொழும்புலயும் கிடைக்காது, பத்திரமா வெச்சுக்கன்னு ரேடியோக் கடைக்காரரே சொன்னாரு. மாரிமுத்தண்ணன் சொல்லலையா?"

சொல்ல வந்தார். இரண்டு தடவை வந்தார். நான்தான் கையைக் காட்டினேன்.

பாலன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்தான். பேண்ட் மாஸ்டர் கடிதத்தை மற்றக் கடிதங்களோடு சேர்த்து வைத்தான். பதினைந்து.

"நாளைக்குக் காலையில நான் போறேன்" என்றேன். "நீ பன்னெண்டு மணிக்குக் கடையிலேருந்து வெளிய வந்து, கிட்டாரோட கொட்டகலை ஸ்டேஷன்ல நில்லு. மேல போற ரயில்ல நான் வயரோட வருவேன். ஏறிக்க."

"வராட்டி?"

மேலே போகிற அடுத்த ரயில் சாயங்காலம்தான். அதற்குள் மூன்று மணி போய்விடும்.

மறுநாள் காலை மீனாட்சி பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கொட்டிலுக்குப் போனேன். வெறும் கொட்டில். ஆணியில் செவலையின் கயிறு தொங்கியது, குங்குமம் வைத்து. நான் கயிற்றைப் பிடித்ததால்தானே ராக்கம்மா வயரைப் பிடித்தார்? கயிற்றைக் கொடுத்தால் வயர் வரும். எளிய கணக்கு. எடுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, மனைவி திரும்புமுன் நடையைக் கட்டினேன்.

கீழே போகிற ரயில் இருபத்திரண்டு நிமிடம் லேட். றொசல்லயில் இறங்கும்போது பத்து மணி அடிக்க இரண்டு நிமிடம். ஸ்டேஷனிலிருந்து லயம் வரை இரண்டாயிரத்து நூற்று நாற்பது அடி, என் கால் அடியில். மேலே போகிற ரயில் பதினொன்று இருபதுக்கு. என் நடைக்கு இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும். ஆகவே பத்து ஐம்பத்தைந்துக்கு லயத்திலிருந்து கிளம்பியே ஆக வேண்டும்.

லயத்து வாசலில் கூட்டம். பதின்மூன்று பேர். என்னைக் கண்டதும் ராக்கம்மா இடுப்பில் கை வைத்தார்.

"வாங்க கிளாக்கரய்யா, வாங்க! நானே ஆளனுப்பலாம்னு இருந்தேன். ஒம்போது போத்தலா? ஒம்போது சொட்டுக் காட்டுங்க பாப்போம்!"

செவலை பால் இறக்கவில்லை. முதல் நாள் சாயங்காலமும் இல்லை, அன்று காலையும் இல்லை. கன்று முட்டி முட்டிச் சலித்துவிட்டது. ராக்கம்மா உட்கார்ந்தார், மாரிமுத்து உட்கார்ந்தார், பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். சட்டியை உதைத்துத் தள்ளிவிட்டாள். அதோ, நெளிந்த சட்டி முற்றத்தில் கிடந்தது.

"படிச்ச மனுசன், பொய் சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன்" என்றார் ராக்கம்மா, பதின்மூன்று பேருக்கும் கேட்க. "வறட்டு மாட்டத் தலையில கட்டிட்டுக் கிட்டார வாங்கிட்டுப் போயிட்டீங்களே!"

"மாடு வறட்டு மாடு இல்லம்மா. மடியப் பாருங்க, கனத்துக் கெடக்கு."

"கனத்து என்னா செய்ய? உள்ள புள்ளைக ரெண்டும் கத்துது. கேக்குதா?"

கேட்டது. இரண்டு குரல்.

கயிற்றை எடுத்து நீட்டினேன். "இந்தாங்க, எங்க கயிறு. இத வெச்சுக்கிட்டு அந்த வயரக் குடுங்க. என் மகன்..."

"கயிறும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். உங்க மாட்டப் புடிச்சிட்டுப் போங்க. எங்க கிட்டாரக் கொண்டாங்க. அம்புட்டுத்தான் பேச்சு."

மாடும் போச்சு, கிட்டாரும் போச்சு, ரயிலும் போகப் போகிறது. மணி பத்து முப்பத்தொன்று.

"ராக்கு, அந்தப் பழைய கயித்தக் கட்டிப் பாப்போமே" என்றார் மாரிமுத்து. "பழகின வாசத்துக்கு எறக்குமோ என்னமோ."

கட்டினோம். செவலை கயிற்றை மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாலை ஒரு தடவை வீசினாள். அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்தார்.

"நீங்களே கறந்து காட்டுங்க ஐயா!"

கோட்டைக் கழற்றிக் குந்தினேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆறு வருடமாக நான்தான் அவளைக் கறக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவளும் நானும் மட்டும் இல்லை. பதின்மூன்று ஜோடிக் கண் என் முதுகில். இழுத்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை. கொட்டகலை பிளாட்பாரத்தில் கிட்டாரோடு நிற்கப்போகிற பாலனை நினைத்தேன். கவலை வந்தால் நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு..."

செவலையின் காது பின்னால் மடங்கியது.

"ஏழு. எட்டு. ஒம்போது..."

பதினொன்றில் சட்டியில் சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்...

நான் எண்ணிக்கொண்டே போனேன். நாற்பதில் வியர்வையைத் துடைக்க நிறுத்தினேன். பால் நின்றது. செவலை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எண்ணுங்க ஐயா, எண்ணுங்க!" என்று ராக்கம்மா கத்தினார்.

நாற்பத்தொன்று என்றேன். சர்ர்...

அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஆறு வருடமாக ஒவ்வொரு இழுப்பையும் நான் எண்ணித்தான் கறந்திருக்கிறேன். ஒரு போத்தலுக்கு எத்தனை இழுப்பு என்று மனக்கணக்கு வைப்பது என் பழக்கம். வீட்டில் அதற்காக என்னைக் கேலி செய்வார்கள். மனதுக்குள் எண்ணுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செவலைக்கு ஒவ்வொன்றும் கேட்டிருக்கிறது.

"ராக்கு, நேத்து நீ அதத் திட்டிக்கிட்டே கறந்த" என்றார் மாரிமுத்து. "அது கணக்குக் கேட்டிருக்கு."

நல்லதுதான். ஆனால் மணி பத்து நாற்பத்தெட்டு. நான் எழுந்தால் பால் நின்றுவிடும். பால் நின்றால் ராக்கம்மா மறுபடி இடுப்பில் கை வைப்பார். அதற்காக ஆயுள் முழுக்க றொசல்லயில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

"நீங்க உக்காருங்கம்மா. நீங்க எண்ணுங்க."

ராக்கம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மடியைப் பிடித்தார்.

"லாபம். ரெண்டு. மூணு..."

செவலை காலைத் தூக்கினாள். நான் சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"லாபம் இல்லம்மா! ஒண்ணு! ஒண்ணுன்னு சொல்லுங்க!"

"மொத எண்ணுக்கு லாபம்னுதான் சொல்லணும். நெல்லு அளக்கையில எங்கப்பன் கத்துக் குடுத்தது. ஒண்ணுன்னு சொன்னா வெளங்காது."

"நெல்லுக்குச் சரிம்மா. இது மாடு."

"எதுக்கும் அதான்."

"அம்மா, அஞ்சு நிமிசத்துல எனக்கு..."

"லாபம்" என்றார் ராக்கம்மா பிடிவாதமாக. செவலையும் பிடிவாதமாக நின்றாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். மணி பத்து ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று அந்த இடத்தில் நின்றுதான் முதல் நாள் நீதி சொல்லியிருந்தேன். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது?

உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. உடனே மற்றதும்.

ராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டார். கஷாயம் குடிக்கிற முகம்.

"...ஒண்ணு."

செவலை காலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு. மூணு. நாலு..."

பன்னிரண்டில் பால் வந்தது. ராக்கம்மா தலையைத் திருப்பவில்லை, எண்ணுவதை நிறுத்தவும் இல்லை. இடது கையை மட்டும் ஒரு தடவை கொட்டில் பக்கம் வீசினார். மாரிமுத்து ஓடினார். கொட்டில் கம்பத்தில், மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, அந்த வயர் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி என் கையில் வைத்தார்.

"ஓடுங்க ஐயா!"

அறுபத்தாறு வயதில் நான் ஓடினேன். கோட்டை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை. முதல் ஆயிரம் அடி எண்ணினேன். அப்புறம் மூச்சு விடவா, எண்ணவா என்ற நிலை வந்ததால் எண்ணுவதை விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் நடந்த தூரம் அதுதான். கார்ட் பச்சைக் கொடியை உயர்த்தும்போது கடைசிப் பெட்டியின் படியில் என் கால் இருந்தது.

ஹட்டனில் ரயில் ஒன்பது நிமிடம் நின்றது. எதற்கு? யாருக்கும் தெரியாது. சுரங்கத்துக்குள் புகுந்ததும் பெட்டி முழுக்கப் புகை. அந்த இருட்டில் வயரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் வந்தபோது எதிரே இருந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சட்டையெல்லாம் மஞ்சளும் குங்குமமும்.

கொட்டகலை பிளாட்பாரத்தில் பாலன் நின்றான், தாயின் பழைய சேலையில் கிட்டாரைச் சுற்றிக்கொண்டு. ஜன்னல் வழியாக வயரை ஆட்டினேன். அவன் சிரிக்கவில்லை. ஏறினான், உட்கார்ந்தான், சேலையைப் பிரித்தான், வயரின் முனையைப் பித்தளை வாயில் வைத்துத் திருகினான். ஏழு சுற்று. அப்புறம்தான் மூச்சு விட்டான்.

நுவரெலியா ஹோட்டலில் எங்களுக்கு முன்னால் ஒரு பையன் வந்திருந்தான். கொழும்புக்காரன். கிட்டார் சிவப்பு நிறம், புத்தம் புதிது, ஒரு கீறல் இல்லை. பேண்ட் மாஸ்டர், கழுத்துப் பட்டி கட்டிய பறங்கிக்காரர், எங்கள் சேலை மூட்டையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். கதவை முழுவதும் சாத்தவில்லை.

உள்ளே ஸ்பீக்கர் பெட்டி இரைந்தது. வயர் வேலை செய்கிறது! பிறகு பேண்ட் மாஸ்டர் குரல்.

"ஒன். டூ. த்ரீ. ஃபோர்."

ஆக, எண்ணாமல் வேலை தொடங்க முடியாதவன் நான் மட்டும் இல்லை.

பாலன் வாசித்தான். எனக்கு அந்தச் சங்கீதம் தெரியாது. நன்றாக இருந்ததா? சொல்லத் தெரியவில்லை. ஆனால் பாதியில் சமையலறை ஆட்கள் இரண்டு பேர் கையில் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். முடிந்தபின் எட்டிப் பார்த்தேன். பேண்ட் மாஸ்டர் கிட்டாரின் தேய்ந்த மரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார்.

எனக்கு இழுப்பறைகளைத் தெரியும். எந்தக் கந்தோரிலும் ஆள் நல்லவராகத்தான் இருப்பார், சிரிப்பார், உட்காரச் சொல்வார். பிறகு இழுப்பறையைத் திறப்பார். உள்ளேயிருந்து ஒரு விண்ணப்பப் பாரம் வரும். அதில் பிரஜாவுரிமைக்கு ஒரு கட்டம் இருக்கும்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எடுத்தது அளவெடுக்கிற இஞ்ச் டேப்.

"கையைத் தூக்கு" என்றார். "பேண்டுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு. தைக்கக் கொடுக்க வேண்டும்." பாலனின் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துவிட்டு, நான் நிற்கிற பக்கம் திரும்பி, "முப்பத்துநாலு. எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். கோட்டில்லாமல் சமையலறை ஆட்களோடு நின்ற என்னை ஹோட்டல் ஆள் என்று நினைத்துவிட்டார்.

எழுதிக்கொண்டேன். அந்தத் துண்டுக் காகிதம் இப்போது பிஸ்கட் டின்னில் இருக்கிறது. தனியாக, மேலே.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கயிறு றொசல்லயில் செவலையின் கழுத்தோடு போய்விட்டது. மீனாட்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. திரும்பி வந்த மறுநாளே பஜாரில் அதே மாதிரிக் கயிறு ஒன்று வாங்கி, சாணியிலும் சாம்பலிலும் புரட்டி, வெயிலில் காயவைத்து, ஆணியில் மாட்டிவிட்டேன். நல்ல வேலைப்பாடு. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. மீனாட்சி குங்குமச் சிமிழோடு கொட்டிலுக்குப் போனாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கயிற்றுக்குக் குங்குமம் வைத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். என்னைக் கடந்து உள்ளே போகும்போது சொன்னாள்:

"பழைய கயித்துல முடிச்சு மூணு. இதுல நாலு."

இந்த வீட்டில் எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.